என் மருமகள் போட்ட பட்டியல்

முதலில் என்னைப் பற்றி நாலு வார்த்தை. நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். இந்த நகரத்தின் பெரிய கட்டடங்களில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களில் பத்துக்கு மூன்று பேர் நான் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் முதல் நாற்காலியைத் தலையில் வைத்து ஏழு மாடி ஏறினேன். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுமைக்காரனை ஏற்றினால் உள்ளே இருக்கும் கண்ணாடி கீறும் என்றார்கள். இருபது வருஷம் கழித்து அதே கட்டடத்துக்கு, வாசல் வரவேற்பு மேசையிலிருந்து ஒன்பதாம் மாடி அதிகாரி அறை வரைக்கும், என் ஆட்கள்தான் மேசை நாற்காலி, தடுப்புச் சுவர் எல்லாம் போட்டார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏறி வந்தவன் படிக்கட்டைப் பற்றிப் பேசத்தான் பேசுவான்.

ஆனால் இதில் ஜெயித்தவன் நான் இல்லை. என் மகனைக் கட்டியவள். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பார்த்தால் ஒரு பிடிதான் இருப்பாள். கண்ணாடியைத் தலைமுடிக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டு, அதையே வீடு முழுக்கத் தேடுகிற ரகம். குரல் பக்கத்து அறைக்குக் கேட்காது. அவள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா தையல் மெஷினை மிதித்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூடத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதும் பொறுப்பை இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் தங்கை பத்து நிமிஷம் தாமதமாக வந்தாள் என்று சொந்தத் தங்கையையே வரவில்லை என்று எழுதினவள் இவள். தங்கை இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். இவள் சிரிக்கக்கூட மாட்டாள். "வரலைன்னா வரலைதானே" என்பாள்.

வளர்ந்த பிறகு கிடைத்த வேலையும் அதேதான். ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கிளையில் ஊழியர் பிரிவு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், யாருக்கு எத்தனை நாள் விடுப்பு பாக்கி, எல்லாம் இவள் கையில். பதினாறு வருஷம். ஆபீஸில் அவளுக்குப் 'பட்டியலக்கா' என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், பயத்தில்.

கல்யாணம் ஆகி வந்த புதிதில் நான் சொன்னேன், "வேலையை விட்டுடும்மா. என் கம்பெனி இருக்கு. உனக்கென்ன குறை?"

"உங்க காசுல சாப்பிட்டா உங்க பேச்சையும் சேர்த்துச் சாப்பிடணும் மாமா. எனக்கு அவ்வளவு பசி இல்ல" என்றாள்.

என் வீட்டுக்காரி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அவள் இல்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

நோய்க் காலத்தில் எல்லா ஆபீஸையும் பூட்டினார்கள். நாற்காலி போடுகிறவனுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்லத் தேவையில்லை. ஜனமெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தது. மருமகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பட்டியல் போட்டாள். பூட்டு திறந்த பிறகும் அவள் கம்பெனி எல்லாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு என்று வைத்தார்கள். இரண்டு மாடியைக் காலி செய்து கட்டடச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அந்த நாற்காலிகளை இறக்கி என் கிடங்கில் அடுக்கியது என் ஆட்கள்தான். வேலை குறையவில்லை, சண்டை குறைந்தது என்று மருமகள் சொல்வாள்.

அப்போதுதான் என் மகன் விழுந்தான்.

என் கம்பெனி வேலையில்தான் விழுந்தான். ஒரு கட்டடத்தில் கூரைத் தட்டி மாட்டிக்கொண்டிருக்கும்போது ஏணி சறுக்கியது. இடுப்பு எலும்புக்கு மேலே அடி. அந்த ஏணியின் ஒரு கால் ஆடுகிறது, தூக்கிப் போடுங்கள் என்று அவன் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தான். ஏணி ஆடினால் நீ ஆடாமல் நில்லு என்று நான் சொன்னேன். இதை எழுதாமல் விட்டிருப்பேன். விட்டால் மருமகள் படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயம்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஆறு மாசம். கால் நரம்பு திரும்பி வர்றதா இருந்தா அதுக்குள்ளதான் பெரும்பாலும் வரும். காலைல பதினோரு மணி, மத்தியானம் மூணு மணி, ரெண்டு வேளை பயிற்சி. ஒரு நாள் விட்டா ஒரு வாரம் போகும்."

கீழ்த்தள அறையைக் காலி செய்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க எவர்சில்வர் குழாயில் இரண்டு கம்பி போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறதைவிட என் கம்பி உறுதி. வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கம்பி மட்டும் ஆளை நிற்க வைக்காது. என் மகன் என் ரத்தம். பிடிவாதம். வலிக்கிறது என்றால் வேண்டாம் என்பான், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முதலில் வந்த ஆண் நர்ஸ் நாலாம் நாள் சொல்லாமல் போய்விட்டான். இரண்டாவது ஆளின் மேல் தண்ணீர்ச் செம்பு பறந்தது.

மருமகள் பார்த்தாள். ஆபீஸில் பழைய கிளைத் தலைவரிடம் பேசி, ஐந்து நாளும் வீட்டிலிருந்து வேலை என்று வாங்கினாள். துணி தேய்க்கும் மேசையைக் கட்டில் காலடியில் போட்டு அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்தாள். பதினோரு மணியானால் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் நிற்பாள்.

"போதும்" என்பான் அவன்.

"இன்னும் மூணு."

"உனக்கு மனசே இல்லையா? நீ பொண்டாட்டியா, போலீஸா?"

"திட்டிக்கிட்டே பண்ணு. ரெண்டு."

இரண்டாம் மாசம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. நானும் பார்த்தேன். எறும்பு ஊர்கிற அளவுதான். அவள் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "மறுபடி" என்றாள். அசைந்தது. அதற்குப் பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரமே ஆபீஸுக்குப் புதுத் தலைவர் வந்தார். எதைக் கேட்டாலும் "இது பாலிசி" என்பாராம். அதனால் பாலிசி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தலைமையிடத்திலிருந்து வந்த உத்தரவில், ஆட்களை மெதுவாக ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிடுங்கள், வீட்டில் நோயாளி இருந்தால் கிளைத் தலைவர் பார்த்து முடிவு செய்யலாம் என்றுதான் இருந்தது. பாலிசி மேலே நல்ல பெயர் வாங்க நினைத்தார். வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், எல்லாருக்கும், விலக்கே கிடையாது என்று சொந்தமாக ஒரு விதி போட்டார். குறைந்தவர்கள் பெயர் மாசாமாசம் சிவப்பு எழுத்தில் தலைமையிடத்துக்குப் போகும். அங்கேயிருந்து தானாக எச்சரிக்கைக் கடிதம் வரும். அந்தச் சிவப்புப் பட்டியலைத் தயார் செய்ய வேண்டியவள் என் மருமகள்.

அவள் டாக்டர் கடிதத்தோடு நாலு மாசம் மட்டும் விலக்கு கேட்டாள். அவர் அவளை அறைக்குள் கூப்பிடவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வந்து நின்று, அந்தக் கடிதத்தை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"இங்க பாருங்க. வீட்ல நர்ஸ் வேலை பார்த்துட்டு ஆபீஸ்ல சம்பளம் வாங்கணுமாம். வேணும்னா ஆஸ்பத்திரில வேலைக்குச் சேர்ந்துக்கலாம். நான் தடுக்கல."

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் பெண் போன் செய்து சொன்னாள்.

மறுநாள் காலையில் மருமகளிடம் சொல்லாமல் நானே போனேன். வரவேற்பில் ஒரு மணி ஐம்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். என் கம்பெனித் தகடு இருந்தது. என் நாற்காலியில் என்னையே காக்க வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிட்டார்கள். பாலிசி தலையை நிமிர்த்தாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது, மடிப்புக் கலையாத சட்டை.

"யார் நீங்க?"

"பட்டியல் போடற அம்மாவோட மாமனார். இந்த ஆபீஸ் நாற்காலியெல்லாம் போட்டதும் நான்தான்."

"அப்போ நாற்காலியைப் பத்திப் பேசுங்க. ஸ்டாஃப் விஷயத்தை வெளியாளுங்ககிட்ட நான் பேசறதில்ல."

"நாலே மாசம் சார். எம்பையன் கால் விஷயம்."

இப்போது நிமிர்ந்தார். "பெரியவரே, எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"அதான். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பஸ் ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் நிக்காது."

"வாசல்ல வேணாம் சார். ஸ்டாப்புல நிக்கணுமில்ல? நிக்காத வண்டிக்கு பஸ்ஸுன்னு பேரு இல்ல."

"இது பாலிசி. கிளம்புங்க."

கீழே இறங்கினேன். மணி பதினொன்றரை கூட ஆகவில்லை. எனக்குப் பின்னாலேயே அவரும் இறங்கி வந்து காரில் ஏறினார். வாசல் காவலாளி எனக்கு இருபது வருஷப் பழக்கம். தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"மீட்டிங்கா போறாரு?" என்று கேட்டேன்.

"என்ன மீட்டிங்? வீட்டுக்குத்தான். வருவாரு, கதவுல அட்டையைத் தேய்ப்பாரு, ஒரு காபி குடிப்பாரு, போவாரு. இனிமே நாளைக்கு மறுநாள்தான் தரிசனம்."

இந்தச் செய்தியைப் புதையல் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மருமகள் முழுசையும் கேட்டாள். முதலில், "நீங்க எதுக்கு அங்க போனீங்க?" என்றாள். பிறகு, "அது தெரியும் மாமா. கதவு மெஷின்ல எல்லாம் பதியுதே. அதை எடுக்கறதே நான்தானே" என்றாள்.

"அப்போ அவன் பேரும் சிவப்புல வரணுமே?"

அப்போதுதான் அந்த ஆபீஸ் வழக்கத்தைச் சொன்னாள். பட்டியலைத் தலைமையிடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மேல்மட்ட அதிகாரிகள் ஆறு பேர் பெயரை எடுத்துவிட வேண்டும். இது எங்கேயும் எழுதி வைத்தது இல்லை. முன்னால் இருந்தவர்கள் இவளிடம் வாயால் சொன்னது, இப்போது இவரும் வாயால் சொல்கிறார், "மேலே இருக்கறதைத் தூக்கிட்டு அனுப்பு". பதினாறு வருஷமாக இவளும் தூக்கிக்கொண்டிருக்கிறாள். வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதுகிறவளுக்கு அந்த ஆறு பெயர் எவ்வளவு கசப்பு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் என் யோசனையைச் சொன்னேன். அந்த ஆபீஸ் நாற்காலிகளைப் பராமரிக்கிறதும் என் ஆட்கள்தான். "பாலிசி நாற்காலிக்கு அடியில இருக்கற சிலிண்டரை மாத்திடறேன். உட்காரும்போது சரியா இருக்கும். அப்புறம் மெள்ள மெள்ள இறங்கும். ஒரு மணி நேரத்துல தாடை மேசைக்கு வந்துடும்."

கட்டிலில் படுத்திருந்த மகன் வாய்விட்டுச் சிரித்தான். விழுந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிக்கவில்லை. "நாற்காலி இறங்கினா புது நாற்காலி கேப்பான் மாமா. ஆளு இறங்கணும்" என்றாள்.

மூன்றாம் மாசத்திலிருந்து அவள் வாரம் நாலு நாள் காலை ஏழரைக்குக் கிளம்பினாள். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு வந்தது. நூற்றுக்கணக்கான ஆட்களை வேலை வாங்கியவன் நான். என் மகனை என்னால் வேலை வாங்க முடியவில்லை. நான் "இன்னும் மூணு" என்றால், அவன் கம்பியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

"நில்லுடா. கம்பியைப் பிடி."

"உங்க கம்பியா? உங்க ஏணியை மாதிரிதானே இதுவும்" என்றான் ஒரு நாள்.

நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மூன்று மணிப் பயிற்சி நடக்கவில்லை. மறுநாளும் அரைகுறை. மருமகள் மாலை வந்து செய்ய வைப்பாள், ஆனால் எட்டு மணி நேரமும் இரண்டு பஸ்ஸும் தாண்டி வந்தவள், அவளுக்கே நிற்கத் தெம்பு இருக்காது.

நாலாம் மாசக் கடைசியில் டாக்டர் சின்னச் சுத்தியலால் காலைத் தட்டிப் பார்த்தார். வலது கால் பரவாயில்லை என்றார். இடது பாதத்தைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்னாடி எங்க இருந்ததோ அங்கயே நிக்குது. பயிற்சி விட்டுப்போச்சா?"

மருமகள், "விட வச்சாங்க டாக்டர்" என்றாள்.

அன்றைக்கு மாலை துணி தேய்க்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினாள். எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். தலைப்பு: 'விதிவிலக்குக் கோரிக்கை – மேல்மட்டப் பெயர்கள்.' உள்ளே இரண்டே வரி: 'மாத வருகைப் பட்டியலில் மேல்மட்ட அதிகாரிகள் ஆறு பேருக்கு வழக்கம்போல் விலக்கு அளித்துப் பெயர்களை நீக்கலாமா? எழுத்தில் உத்தரவு வேண்டுகிறேன்.'

"இதைப் பாத்தா அவன் உஷாராயிடுவானேம்மா" என்றேன்.

"பாத்தாத்தானே."

விஷயம் இதுதான். விதி வந்த நாளிலிருந்து விலக்குக் கேட்டு ஆபீஸிலிருந்து மெயில் மேல் மெயில். பாலிசி ஒரே ஒரு பதிலை எழுதிப் போனில் வைத்துக்கொண்டார்: 'விதி எல்லா மட்டத்துக்கும் பொருந்தும். விலக்கு இல்லை.' தலைப்பில் விலக்கு என்ற சொல் இருந்தால் போதும், திறக்காமலேயே அந்தப் பதிலை அனுப்பிவிடுவார். கர்ப்பிணிப் பெண் கேட்டதற்கும் அதே பதில். காலுக்குக் கீழே வைக்க ஒரு முக்காலி கேட்டு, தலைப்பைத் தப்பாகப் போட்டவருக்கும் அதே பதில். அத்தனை பதில்களும் ஊழியர் பிரிவில் கோப்புக்கு வருகிறவை. என் மருமகள் எல்லாவற்றையும் படித்திருந்தாள். ஒரு எழுத்து மாறவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்குப் பதில் வந்தது. விதி எல்லா மட்டத்துக்கும் பொருந்தும். விலக்கு இல்லை.

இந்த யோசனை என்னுடையது என்று எழுத எனக்கு ஆசைதான். எதையும் எழுத்தில் வாங்கு என்பது என் தொழில் பாடம், அதைப் பார்த்துத்தான் அவள் செய்தாள் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க சிலிண்டர்னு தானே மாமா சொன்னீங்க" என்றாள்.

அந்தப் பதிலை மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று கோப்பில், ஒன்று கைப்பையில், ஒன்று என் பீரோவில். மாச முதல் வாரம் பட்டியல் போட்டாள். ஆறு பெயரையும் விட்டுவைத்தாள். மோசமானது மேலே வர வேண்டும், படிக்கிறவர்களுக்குச் சுளீர் என்று இருக்க வேண்டும் என்று பாலிசியே முன்பு சொல்லியிருந்தார். அப்படியே வரிசைப்படுத்தினாள். முதல் வரியில் யார் வந்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினாறு நாளுக்கு ஐந்து நாள். உள்ளே இருந்தது சராசரி ஒரு மணி ஐம்பது நிமிஷம். என்னைக் காக்க வைத்த அதே நேரம். கடவுள் கணக்கு என்று நான் சொன்னேன். மெஷின் கணக்கு என்றாள் அவள்.

பட்டியலை அவருக்கு அனுப்பிவிட்டு, நேரில் போயும் சொன்னாள். "சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க."

"நீ பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன் சார்."

"அப்புறம் என்ன."

அவர் அதைத் திறக்கவில்லை. அதற்கு மேலே ஒரு கடிதம் எழுதினார். எங்கள் கிளையின் ஒழுங்கைப் பாருங்கள், மற்ற கிளைகளும் இதையே பின்பற்றலாம் என்று. தலைமையிடத்துக்கு மட்டும் இல்லை, எல்லாக் கிளைத் தலைவர்களுக்கும் சேர்த்து அனுப்பினார். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை நீட்டினவர், தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்துத் திரையில் கூட்டம். எல்லாக் கிளைத் தலைவர்களும் அவரவர் சதுரத்தில் தெரிந்தார்கள். பட்டியலைத் திரையில் காட்டும் வேலை மருமகளுடையது. தலைமையிடத்து மேலாளர் ஒரு பெண்மணி, பேச்சில் சர்க்கரை ஜாஸ்தி என்று மருமகள் சொல்வாள். அன்று மாலை மருமகள் கைகூடக் கழுவாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் அப்படியே பேசிக் காட்டினாள்.

"'உங்க கடிதம் ரொம்ப நல்லா இருந்தது. முதல் வரியை நீங்களே வாசிச்சுக் காட்டறீங்களா?'ன்னாங்க அந்தம்மா. இவரு கண்ணாடியை மாட்டிட்டு, 'சிவப்பு, ஐந்து நாள்'னு வேகமா ஆரம்பிச்சாரு. 'பேரைச் சேர்த்து வாசிங்க'ன்னாங்க."

"வாசிச்சானா?" என்றான் மகன்.

"பாதிப் பேரு வாசிச்சாரு. மீதி வரல. யாரோ மைக்கை அணைக்க மறந்து சிரிச்சுட்டாங்க."

"அப்புறம்?"

"'மெஷின் தப்பா இருக்கும்'னாரு. 'அப்போ மத்த நாப்பது பேருக்கும் தப்பாத்தானே இருக்கும்?'னாங்க அந்தம்மா."

கூட்டம் முடிந்ததும் அவர் அவள் மேசைக்கு வந்திருக்கிறார். அதே கூடம், அதே ஆட்கள்.

"பேரை எடுக்கலையா நீ?"

"எடுக்க வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க சார்."

"நானா? எப்போ?"

"புதன்கிழமை. ஒன்பது நாப்பத்தி ரெண்டுக்கு." கைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்தத் தடவை கூடத்தில் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள் என்றாள்.

மீதி ஐந்து அதிகாரிகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் போனது. அவர்கள் அவள்மேல் பாயவில்லை, விதி போட்டவர்மேல் பாய்ந்தார்கள். பத்தே நாள். தலைமையிடம் அவரைக் கிளைத் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கி, பொதுக் கூடத்தில் உட்கார்ந்து பழைய கோப்புகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போட்டது. அவர் போட்ட விதி அவருக்கு மட்டும் ஒரு வருஷத்துக்குத் தொடரும் என்று உத்தரவு. நாலு நாள், எட்டு மணி நேரம்.

அவருடைய தனி அறையைப் பிரித்துக் கூடத்தோடு சேர்க்கச் சொல்லி என் கம்பெனிக்கு வேலை வந்தது. என் மேஸ்திரி ஆளனுப்பப் போனான். "யாரும் வேணாம், நான் போறேன்" என்றேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஸ்க்ரூ முடுக்கியைத் தொட்டுப் பதினைந்து வருஷம். அன்றைக்குத் தொட்டேன். நான் போகும்போது பாலிசி தன் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"பெரியவரே, சாயங்காலம் வரக்கூடாதா? எல்லாரும் பாக்கறாங்க."

"ஆர்டர்ல பத்து மணின்னு எழுதியிருக்கு சார். நான் அஞ்சாவதுதான், எழுதினபடிதான் செய்வேன்."

கண்ணாடித் தடுப்பை ஒவ்வொரு ஸ்க்ரூவாக, அவசரமே இல்லாமல் கழற்றினேன். அரை மணி வேலையை இரண்டு மணி நேரம் பார்த்தேன். அவருடைய உயர முதுகு நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கி, கூடத்துக்கு நடுவில் நடந்தேன். கழுத்து மூன்று நாள் வலித்தது. நல்ல வலி. அவருக்குக் கைப்பிடி இல்லாத சின்ன நாற்காலி ஒன்றை என் கிடங்கிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அதில் நான் சிலிண்டர் ஒன்றும் மாற்றவில்லை. தேவைப்படவில்லை.

ஒரு ஆளை இப்படிக் கீழே தள்ளிவிட்டு அதில் சந்தோஷப்படலாமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். படலாம். நான் பட்டேன். இன்றைக்கும் படுகிறேன்.

பாலிசிக்குப் பதிலாக வந்த தலைவர் முதல் வேலையாக மருமகளுக்கு வீட்டிலிருந்து பார்க்க அனுமதி கொடுத்தார், ஆறு மாசத்துக்கு. ஐந்தாம் மாசம் பாதி முடிந்திருந்தது. அடுத்த நாளே பதினோரு மணிக்கு அவள் அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை அவன் திட்டவில்லை. வேர்வை சொட்டச் சொட்டக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தான். பிறகு பன்னிரண்டு. இன்றைக்குக் கைத்தடியோடு தெருமுனை வரை போய் வருகிறான், கம்பெனிக்கு வந்து உட்கார்ந்து வேலை பார்க்கிறான். கிடங்கில் இருந்த ஏணிகளை முதல் நாளே வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். நாலை உடைக்கச் சொன்னான். நானே சுத்தியலை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் இடது பாதம் தூக்க மாட்டேன் என்கிறது. நடக்கும்போது கட்டைவிரல் தரையை உரசிக்கொண்டு வரும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி போட்டிருக்கிறான். ஆறு மாசம் தாண்டினாலும் சிலருக்கு வரும், வராமலும் போகும் என்கிறார் டாக்டர். அந்த இரண்டரை மாசம் இருந்திருந்தால் வந்திருக்குமா என்று மருமகள் ஒரு தடவை கேட்டாள். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

போன வாரம் பாலிசி வீட்டுக்குப் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள், நானும் மகனும் கேட்டோம். குரல் தேய்ந்திருந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷனாம், இரண்டு நாள் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததாம், நாளுக்கு மூன்று மணி நேரம் குறைகிறதாம். "உங்களால பட்டியல்ல ஏதாவது பண்ண முடியுமாம்மா?" என்றார். முன்பு நீ. இப்போது அம்மா.

"மெஷின்ல என்ன பதிஞ்சிருக்கோ அது வரும் சார். காரணம் எழுதற இடம் ஒன்னு இருக்கு. டாக்டர் கடிதம் குடுத்தீங்கன்னா அதைச் சேர்த்து அனுப்புவேன். முடிவு எடுக்கறது தலைமையிடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எனக்கே கொஞ்சம் மனசு இளகியது என்று எழுதினால் பொய். ஆனாலும் கேட்டேன், "இன்னுமாம்மா ஆறல?"

மணி மூன்று ஆகியிருந்தது. அவள் எழுந்து என் மகன் முன்னால் போய் நின்றாள். அவன் தாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து எழுந்தான். இடது கால் தரையை உரசியது.

"இந்தக் கால் நிமிரட்டும் மாமா. அன்னிக்கு யோசிக்கறேன்" என்றாள், பாதத்தைப் பார்த்துக்கொண்டே. பிறகு அவனிடம், "தூக்கு" என்றாள்.